உலகப் போட்டி திரையில் நடக்கட்டும், பாடம் நம் திடலில் நடக்கட்டும்

வகுப்புக்கு வெளியே நடைபாதையில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டேன். அளவுநாடாவை விரித்து, 8.95 மீட்டர் தள்ளி இன்னொரு கோடு. "இந்தக் கோட்டுல கால் ஊன்றித் தாவின ஒருத்தர் அந்தக் கோட்டுலதான் போய் விழுந்தார்" என்றேன். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பையன் முதல் கோட்டில் நின்று, ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்தே தாவினான். அளந்தோம்: 1.32 மீட்டர். அவ்வளவுதான், வகுப்பு முழுக்க வரிசையில் நின்றுவிட்டது. அன்றைக்குத் தசமக் கழித்தலுக்கு நான் பயிற்சித்தாள் எடுக்கவே இல்லை. 8.95-இலிருந்து தங்கள் தூரத்தைக் கழித்துப் பார்க்க அவர்களே தாள் கேட்டார்கள்.

அமெரிக்க வீரர் மைக் பாவல் 1991-இல் தோக்கியோவில் தாண்டிய தூரம் அது. நீளம் தாண்டுதலில் உலக சாதனை. அந்தச் செய்தியை வாயால் மட்டும் சொல்லியிருந்தால் பிள்ளைகள் "ஓ" என்று சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். தரையில் கோடாகக் கிடந்ததால் மறக்கவில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகளில்தான் நான் வேலை பார்க்கிறேன். புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியர்கள் ஒலிம்பிக்கோ உலகக் கிண்ணமோ வரும்போது என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இதை வகுப்புல எப்படிக் கொண்டு வர்றது? பாடத்திட்டத்துக்கே நேரம் பத்தலையே." அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நேரம் பத்தாது என்பது உண்மை. ஆகவே இது கூடுதல் வேலையாக இருக்கக்கூடாது. நீங்கள் எப்படியும் நடத்தப்போகும் பாடத்துக்குப் போட்டி ஒரு எண்ணையோ, ஒரு பெயரையோ, ஒரு கேள்வியையோ தர வேண்டும். மீதியை நம் திடலே பார்த்துக்கொள்ளும்.

முதல் படி: கற்றல் தரத்தைப் பிடியுங்கள், பிறகு போட்டியை

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது தலைகீழாகச் செய்தேன். ஒலிம்பிக் வருகிறது என்றதும் ஆளுக்கு ஒரு நாடு கொடுத்தேன். கொடி வரை, தலைநகர் எழுது, உணவு என்ன, உடை என்ன. இரண்டு வாரம் மணிலா அட்டையும் வண்ணப் பென்சிலுமாகப் போயிற்று. சுவர் அழகாக இருந்தது. ஆனால் வகுப்புசார் மதிப்பீட்டுக்கு உட்கார்ந்தபோது, எந்தப் பிள்ளை எதைக் கற்றது என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை. வேகமாக வரையும் நாலு பிள்ளைகள் எல்லாருக்கும் வரைந்து கொடுத்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இப்போது இப்படிச் செய்கிறேன். போட்டி நடக்கும் வாரங்களுக்கான நாள் பாடத்திட்டத்தை முதலில் எடுத்து வைக்கிறேன். கணிதத்தில் என்ன, தமிழ்மொழியில் என்ன, அறிவியலில் என்ன என்று பார்த்து, அவற்றில் போட்டி இயல்பாக ஒட்டக்கூடிய மூன்றே மூன்று பாடத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். மூன்றுக்கு மேல் வேண்டாம். பொருந்தாத பாடத்தில் வலிந்து நுழைத்தால் பிள்ளைகளுக்கே அலுத்துவிடும்.

எந்தப் போட்டி என்ற கேள்விக்கு அப்புறம்தான் வர வேண்டும். பஞ்சமில்லை. 2026-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை உலகக் கிண்ணக் காற்பந்து, ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 2 வரை கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டி, செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசியப் போட்டி என்று வரிசை கட்டி நிற்கிறது. கிளாஸ்கோவில் பத்து விளையாட்டுகள்தான், பூப்பந்து அதில் கிடையாது. பூப்பந்தை நம்பித் திட்டம் போட்டுவிடாதீர்கள். 2027-இல் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியை மலேசியாவே ஏற்று நடத்துகிறது. என் கருத்தில் தொடக்கப்பள்ளிக்கு அதுதான் மிகவும் பொருத்தமானது: அண்டை நாடுகள், நேர வித்தியாசம் குறைவு, வலைக்கு மேல் காலால் பந்தடிக்கும் செப்பாக் தக்ராவ் போல நம் பிள்ளைகள் கையும் காலும் அறிந்த விளையாட்டுகள். அந்தப் போட்டி 1959-இல் பேங்காக்கில் தொடங்கியது. சீ என்ற இன்றைய பெயர் வந்தது 1977-இல், கோலாலம்பூரில்.

இரண்டாம் படி: ஒரு மூலை, ஒரு வரைபடம், இரண்டு கடிகாரம்

வகுப்பில் ஒரு சுவர் மூலையை மட்டும் ஒதுக்குங்கள். ஓர் உலக வரைபடம். அதன் கீழே இரண்டு அட்டைக் கடிகாரம்: ஒன்றில் "சுங்கை சிப்புட்", மற்றொன்றில் போட்டி நடக்கும் ஊர். காலையில் வகுப்புத் தலைவர் முதல் கடிகாரத்தைத் திருப்புவார். இரண்டாவதைத் திருப்ப ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை. மூன்று நிமிட வேலை.

ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் நேர மண்டலம் வருகிறது. பிள்ளைகள் வாய்பாடு போல மனனம் செய்யும் பகுதி அது. ஆனால் உலகக் கிண்ண ஆட்டங்கள் நடக்கும் ஊர்களில் ஒன்றான மெக்சிகோ சிட்டி நம்மைவிட 14 மணி நேரம் பின்னால் இருக்கிறது என்பதைக் கடிகாரத்தில் திருப்பிப் பார்க்கும்போது, "டீச்சர், அங்க மத்தியானம் ஒரு மணின்னா இங்க மறுநாள் விடியக்காலை மூணு!" என்று அவர்களே கூச்சலிடுவார்கள். நாள் மாறுகிறது என்பதுதான் இதில் சிக்கலான இடம், அது இப்படித்தான் பிடிபடும். கிளாஸ்கோவில் கோடைக்காலத்தில் நமக்கு 7 மணி நேரம் பின்னால். நகோயா நமக்கு 1 மணி நேரம் முன்னால். பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என இரண்டையும் செய்ய வையுங்கள். கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் அங்கேயே தீரும்.

அந்த மூலையில் வெட்டி ஒட்டுவதற்குத் தமிழ் நாளிதழே போதும். மக்கள் ஓசை, மலேசிய நண்பன், தமிழ் மலர் எதுவானாலும் விளையாட்டுப் பக்கம் இருக்கும். கடைக்காரரிடம் நேற்றைய இதழைக் கேட்டாலே கொடுத்துவிடுவார். இணையக் காணொளியை நம்பாதீர்கள். தோட்டத்துப் பள்ளிகளில் லைன் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டிலேயே பதிவிறக்கி வந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எண்களைத் தரைக்கு இறக்குங்கள்

கணிதம்தான் இதில் விளைச்சல் அதிகமுள்ள நிலம். நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சிலவற்றைச் சொல்கிறேன்.

மலேசியாவின் ஒலிம்பிக் பதக்கக் கணக்கு தரவு கையாளுதலுக்கென்றே அமைந்தது போல இருக்கும். மலாயாவாக 1956-இல் மெல்பர்னில் முதன்முதலில் கலந்துகொண்டோம். முதல் பதக்கம் 1992-இல் பார்சிலோனாவில், ரசிப், ஜலானி சிடேக் சகோதரர்களின் வெண்கலம். அன்றிலிருந்து ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் கிடைத்த பதக்கங்களை வரிசையாக எழுதுங்கள்: 1992-இல் 1, 1996-இல் 2, 2000-இல் 0, 2004-இல் 0, 2008-இல் 1, 2012-இல் 2, 2016-இல் 5, தோக்கியோவில் 2, 2024 பாரிசில் 2. மொத்தம் 15: எட்டு வெள்ளி, ஏழு வெண்கலம். தங்கம் இன்னும் இல்லை.

இதை மஜோங் தாளில் பட்டைக் குறிவரைவாக வரையச் சொல்லுங்கள். முகடு, அதாவது அதிக முறை வரும் எண், 2. ஏறு வரிசையில் அடுக்கினால் நடுவெண்ணும் 2. வீச்சு, அதாவது பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம், 5. சராசரி கண்டுபிடிக்க 15-ஐ 9-ஆல் வகுக்கும்போது முழு எண் வராது, "ஒன்றே முக்கால் பதக்கம்கூட இல்லையே, அது என்ன பதக்கம்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்டால் அந்தப் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், சராசரி என்றால் என்ன என்பதைத்தான் அந்தப் பிள்ளை கேட்கிறது. விளையாட்டு வாரியாகப் பிரித்தால் பூப்பந்து 11, முக்குளிப்பு 2, சைக்கிளோட்டம் 2. பின்னம் நடத்தும் வகுப்புக்கு இது போதும்.

பூஜ்யம் வந்த இரண்டு ஆண்டுகளைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பட்டை இல்லாத இடத்தையும் குறிவரைவில் காலியாக விட வேண்டும் என்பது பிள்ளைகள் அடிக்கடி தவறவிடும் ஒன்று.

உலகக் கிண்ணத்துக்கு வருவோம். 2026-இல் 48 அணிகள், 12 குழுக்கள், குழுவுக்கு 4 அணிகள். ஒரு குழுவில் எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆடினால் எத்தனை ஆட்டம்? "நாலு" என்பார்கள், "பன்னிரண்டு" என்பார்கள். நான்கு புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். ஆறு கோடு. ஆக, 12 குழுவுக்கு 72 ஆட்டம். அதன் பிறகு 32 அணிகள் தோற்றால் வெளியே என்ற சுற்றுகளில் ஆடுகின்றன: 16, 8, 4, 2 ஆட்டங்கள், அப்புறம் மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதி ஆட்டம் ஒன்று. கூட்டினால் 32. மொத்தம் 104. நாளிதழில் அச்சடித்த எண்ணும் தாங்கள் கோடு போட்டு எண்ணியதும் ஒன்றாக வருவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

நாடு பிரித்துக் கொடுக்க விரும்பினால், பெரிய நாடுகளைக் கொடுக்காதீர்கள். எல்லாருக்கும் பிரேசிலும் அர்ஜெண்டினாவும்தான் வேண்டும், கிடைக்காதவர்கள் அழுவார்கள். சின்ன நாடுகளை எடுங்கள். 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற குராசாவ் ஒரு கரீபியத் தீவு. மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். உலகக் கிண்ணத்துக்கு வந்த நாடுகளிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்டது அதுதான். நம் பேராக் மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 2.5 மில்லியன் பேர். இடமதிப்பை எழுதிப் பார்க்க, ஒப்பிட, கிட்டிய பத்தாயிரத்துக்கு மாற்ற இதைவிட நல்ல எண்கள் கிடைக்காது. கொடி வரைய ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் கொலம்பியாவைக் கொடுங்கள்: மஞ்சள் பாதி, நீலம் கால், சிவப்பு கால். அளவுகோல் வைத்துப் பிரிக்காமல் அந்தக் கொடியை வரைய முடியாது.

இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுக்கு இவ்வளவு வேண்டாம். பொருண்மை பாடத்துக்கு ஓர் இறகுப்பந்து கொண்டு போங்கள். அதன் எடை 4.74 கிராமுக்கும் 5.50 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. நாம் அன்றாடம் பயன்படுத்தும் (சதுர மீட்டருக்கு 80 கிராம் வகை) ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறக்குறைய 5 கிராம். ஒரு கையில் இறகுப்பந்து, மறு கையில் நாலாக மடித்த தாள். கண்ணை மூடி எது கனம் என்று சொல்லச் சொல்லுங்கள். கிராம் என்ற அளவை அன்றைக்கு உள்ளங்கை தெரிந்துகொள்ளும். அப்படியே அதில் எத்தனை இறகு என்று எண்ணச் சொன்னால் பதினாறு என்பார்கள். பழைய பந்தில் குறையும், அதையும் கழிக்கட்டும்.

நான்காம் படி: ஓடத் தெரியாத பிள்ளைக்கும் ஓர் இடம்

ஒவ்வொரு வகுப்பிலும் திடல் என்றாலே ஒதுங்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ஆஸ்துமா இருக்கலாம், உடல் கனமாக இருக்கலாம், ஓடினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் இருக்கலாம். விளையாட்டை மையமாக வைத்துப் பாடம் நடத்தும்போது இவர்களை மறந்தால், பாடமே அவர்களைத் தள்ளி வைத்ததாகிவிடும். இதைப் புதியவர்கள் முதல் நாளிலேயே மனதில் வைக்க வேண்டும்.

இவர்களுக்காகவே நான் செய்யும் ஒரு சோதனை உண்டு. தேவை 30 சென்டிமீட்டர் அளவுகோல் மட்டும்.

இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் அளவுகோலின் மேல்முனையைப் பிடித்து நேராகத் தொங்கவிட வேண்டும். மற்றவர் கீழ்முனையில் பூஜ்யம் இருக்கும் இடத்தில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் விரித்து வைத்துக் காத்திருக்க வேண்டும். முதலாமவர் சொல்லாமல் கொள்ளாமல் விடுவார். இரண்டாமவர் பிடிக்க வேண்டும். விரல் பட்ட இடத்தின் எண்ணைப் படியுங்கள். அளவுகோல் அந்தத் தூரம் விழ ஆன நேரத்தைக் காட்டும் இந்தப் பட்டியலை வெண்பலகையில் எழுதிவிடுங்கள்: 5 சென்டிமீட்டர் என்றால் 0.10 வினாடி, 10 என்றால் 0.14, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23, 30 என்றால் 0.25.

ஆளுக்கு ஐந்து முறை. ஐந்தையும் எழுதி வைக்க வேண்டும்.

இப்போது அனைத்துலக ஓட்டப் போட்டியின் விதியைச் சொல்லுங்கள். துப்பாக்கி ஒலித்த பிறகு 0.10 வினாடிக்குள் ஒருவர் கால் நகர்ந்தால், அது தவறான தொடக்கம். ஒலியைக் கேட்டு நகர்ந்திருக்க முடியாது, முன்கூட்டியே ஊகித்து நகர்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். உடனே பிள்ளைகள் தங்கள் பட்டியலைப் பார்ப்பார்கள். 5 சென்டிமீட்டருக்கும் குறைவாகப் பிடித்தவன் இருந்தால் வகுப்பே அவனைப் பார்க்கும். அவனும் ஒப்புக்கொள்வான், "ஊகிச்சுட்டேன் டீச்சர்."

ஒருமுறை ஐந்தாம் ஆண்டில் இதைச் செய்தபோது, உடற்கல்வி வேளையில் எப்போதும் திடல் ஓரத்துப் படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளைதான் வகுப்பிலேயே மிகச் சீராகப் பிடித்தாள். 12, 11, 12, 13, 11. பள்ளியின் ஓட்டக்காரனுக்கு 22-உம் 9-உம் மாறி மாறி வந்தன. "யாரு வேகம்?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒரே ஒரு முறை வந்த சிறந்த எண்ணை எடுப்பதா, ஐந்தின் சராசரியை எடுப்பதா? அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று நாம் ஏட்டில் எழுதுவது இந்த வாதம்தான். சோதனையை ஏன் பல முறை செய்ய வேண்டும் என்று நான் விளக்கவே இல்லை. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை விசில் அடித்துப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கும் பொறுப்பைத் தானாக வந்து கேட்டாள்.

மாற்றுத்திறனாளிகளின் போட்டியையும் சேர்த்தே பேசுங்கள், ஒலிம்பிக் முடிந்த பிறகு ஒட்டுச் சேர்க்கையாக வேண்டாம். ஒலிம்பிக்கில் தங்கம் இல்லாத மலேசியாவுக்குப் பாராலிம்பிக்கில் தங்கம் உண்டு. 2016-இல் ரியோவில் ஒரே போட்டியில் மூன்று: ரிட்சுவான் புசி, சியாட் சொல்கெப்லி, லத்திப் ரொம்லி. அறிவுசார் குறைபாடு உள்ளோர் பிரிவில் லத்திப் ரொம்லி அன்று 7.60 மீட்டர் தாண்டினார், அப்போதைய உலக சாதனை. நடைபாதையில் 8.95 கோடு இருக்கிறதல்லவா, அதே தரையில் 7.60-க்கும் ஒரு கோடு போடுங்கள். வகுப்பில் மெதுவாகக் கற்கும் பிள்ளை ஒன்று அந்தக் கோட்டருகே போய் நிற்கும்போது, நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஐந்தாம் படி: நம் பெயர்களைத் தேடுங்கள்

தோட்டத்துப் பிள்ளைகள் உலகப் போட்டியை யாரோ, எங்கேயோ என்றுதான் பார்க்கிறார்கள். நம் பெயர் உள்ள ஒருவர் அங்கே நின்றிருக்கிறார் என்று தெரியும்போது முதுகு நிமிர்கிறது.

எம். ஜெகதீசன் மருத்துவர், ஓட்டக்காரர். 1960, 1964, 1968 என மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966-இல் பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம். அதே போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். ராஜாமணி. ஜெகதீசன் 1968-இல் மெக்சிகோ சிட்டியில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை 2017 வரை நின்றது. கைருல் ஹபிஸ் அதை முறியடித்த நேரம் 20.90. பிள்ளைகளிடம் இரண்டு கழித்தல் கேளுங்கள். 2017-இலிருந்து 1968 போனால்? 49 ஆண்டு. 20.92-இலிருந்து 20.90 போனால்? 0.02 வினாடி. கைதட்டச் சொல்லி, அதற்குள் எத்தனை 0.02 அடங்கும் என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

ஜி. சரவணன் 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நெடுநடையில் தங்கம் வென்றார். 50 கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்று நம் ஊர்ப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ஈப்போவிலிருந்து பழைய சாலையில் சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சார் வரை. ஏறக்குறைய அவ்வளவு. பேருந்தில் போனாலே தூங்கிவிடும் தூரம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்புறம் திடலுக்குக் கூட்டிப் போய் நடக்க விடுங்கள். விதி இரண்டு: எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், முன்னால் வைக்கும் கால் தரையைத் தொடும்போது முட்டி மடங்கியிருக்கக் கூடாது. ஒருவர் நடக்க, இருவர் நடுவராக இருந்து காலைக் கவனிக்கட்டும். ஐம்பது மீட்டருக்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். நன்னெறிக் கல்வியில் நேர்மை பற்றிப் பேசும் நாளில் இதைச் செய்யலாம். தானே கை தூக்கி "நான் ஓடிட்டேன்" என்று சொல்லும் பிள்ளையைக் கவனித்து வையுங்கள்.

சுவர்ப்பந்தில் எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோல் டேவிட், பாரிஸ் ஒலிம்பிக் பூப்பந்து மகளிர் இரட்டையரில் பெர்லி டானுடன் நான்காம் இடம் பெற்ற எம். தீனா என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல இன்றைய பெயர்களும் உண்டு. நான்காம் இடம் என்பதை ஒதுக்காமல் சொல்லுங்கள். பதக்கம் இல்லாமல் திரும்புவது எப்படி இருக்கும் என்று எழுதச் சொன்னபோது என் மாணவர்கள் எழுதியவை, வென்றவர்களைப் பற்றி எழுதியதைவிட நன்றாக இருந்தன.

இதற்குப் பிறகு வீட்டுப்பாடமாகத் தாத்தா பாட்டியைப் பேட்டி காணச் சொல்லுங்கள். தோட்டத்தில் என்ன விளையாடினீர்கள்? யார் அணித்தலைவர்? எந்தத் தோட்டத்தோடு போட்டி? காலணி இருந்ததா? நான்கு கேள்வி போதும். பால் மரம் வெட்டி முடித்து, சாயங்காலம் திடலில் இறங்கிய கதைகள் வந்து கொட்டும். வயதானவர்கள் பலருக்கு 1980 நினைவிருக்கும்: மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நம் காற்பந்துக் குழு, ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து நாடு புறக்கணித்ததால் போகாமலே போனது. கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தின் பெயரைச் சொன்னால் தாத்தாக்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஒரு வீட்டுப்பாடத்தில் வரலாறும் தமிழும் சேர்ந்தே நடந்துவிடும்.

ஆறாம் படி: தமிழை இறக்கி விடுங்கள்

விளையாட்டுச் செய்தி வலிமிகும் இடங்களைக் கற்பிக்க வசதியானது. தங்கப் பதக்கம், வெள்ளிப் பதக்கம், வெண்கலப் பதக்கம், அரையிறுதிச் சுற்று, காற்பந்துக் குழு. நாளிதழை வெட்டி எடுத்து, ஒற்று மிகுந்த இடங்களில் சிவப்பு வட்டம் போடச் சொல்லுங்கள். அச்சில் விடுபட்ட ஒற்றைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அன்று பெரிய மரியாதை.

பேச்சுக்கு நேர்முக வருணனை. முப்பது வினாடி மட்டும். திடலில் தொடர் ஓட்டம் நடக்கும்போது ஒரு பிள்ளை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். முதலில் "ஓடுறாங்க, ஓடுறாங்க" என்பதற்கு மேல் வராது. அதற்காகவே முதல் நாள் வினைச்சொல் பட்டியல் ஒன்று தயாரியுங்கள்: பாய்கிறார், முந்துகிறார், பின்தங்குகிறார், எட்டிப் பிடிக்கிறார், தடுமாறுகிறார், சுதாரிக்கிறார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது பேச்சு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எழுத்துக்குத் தன்கதை: "நான் ஓர் இறகுப்பந்து." பதினாறு இறகையும் ஏ4 தாள் கனத்தையும் கையில் தொட்டுப் பார்த்த பிள்ளை எழுதும் தன்கதையில் விவரம் தானாக வந்து உட்காரும்.

பல ஆண்டுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கூட்டு வகுப்பு நடத்தும் சின்னப் பள்ளிகளில் இது இன்னும் எளிது. பெரியவர்கள் நேரம் எடுக்க, சின்னவர்கள் ஓட, நடுவில் உள்ளவர்கள் எழுதிக்கொள்ளலாம். எல்லாருக்கும் ஒரே ஓட்டம், மூன்று பாடம்.

கவனிக்க வேண்டியவை

ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வரும்படி வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். கட்டணத் தொலைக்காட்சி எல்லா வீட்டிலும் இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் நடக்கும் ஆட்டங்கள் பல நமக்கு விடியற்காலையில் வரும். மறுநாள் வகுப்பில் மேசை மேல் தலை சாய்ந்துவிடும். நேற்றைய முடிவை நாளிதழில் படித்தால் போதும் என்று பிள்ளைகளிடமும் பெற்றோர் புலன (வாட்ஸ்அப்) குழுவிலும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

யார் வெல்வார் என்று ஊகிக்கச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதற்கு மிட்டாய்கூடப் பரிசாகக் கொடுக்காதீர்கள். பந்தயம் கட்டுவது சில வீடுகளில் என்ன செய்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஊகத்துக்குக் காரணம் எழுதச் சொல்லுங்கள், காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.

இன்னொன்று: நாட்டை வைத்துக் கேலி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தோற்ற நாட்டைக் கேலி செய்யும் பேச்சு, அடுத்த நாள் வகுப்பில் தோற்ற பிள்ளையின் மேல் திரும்பும்.

கடைசிப் படி: சாதனைப் பலகை

போட்டி முடியும் வாரத்தில் உங்கள் வகுப்புக்கென ஒரு மணி நேரப் போட்டி நடத்துங்கள். நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், 20 மீட்டர் ஓட்டம், அளவுகோல் பிடித்தல், நெடுநடை. தொடக்க விழா, பேச்சாளர், மாலை மரியாதை எதுவும் வேண்டாம்.

ஒரு ஒட்டுப்பலகையை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எண், தேதி, பிள்ளையின் பெயர், அளந்தவரின் பெயர் என நான்கு வரி. அளந்தவரின் பெயர் முக்கியம். அவர் கையெழுத்து இல்லாமல் சாதனை ஏறாது என்று சொல்லிவிட்டால், அளவுநாடாவைத் தளர்வில்லாமல் இழுத்துப் பிடிப்பார்கள். பெயரைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். பலகையை வகுப்புக்குள்ளே, மழைச் சாரல் படாத இடத்தில் மாட்டுங்கள். ஆண்டு முடிந்ததும் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அந்த வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகள் முதல் நாளே அதைப் படித்துவிட்டு, அளவுநாடா எங்கே என்று உங்களைக் கேட்பார்கள்.